விழுவதற்கு முந்தைய பத்து நொடி: நுரையீரல் அடைப்பு நோயாளி ஒருவரின் சமநிலைப் பயிற்சி

"போன ஒரு வருடத்தில் எத்தனை முறை விழுந்தீர்கள், ஐயா?" என்று கேட்டேன். அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி தரையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "மூன்று" என்றார். அவருடைய மருத்துவக் கோப்பில் ஒன்றுதான் இருந்தது. மணிக்கட்டு எலும்பு முறிந்ததால் அது பதிவாகியிருந்தது. மற்ற இரண்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நுரையீரல் மறுவாழ்வுப் பிரிவில் இயன்முறை மருத்துவராக வேலை செய்கிறேன். இங்கே எழுதுவது ஒரே ஒருவரின் வரலாறு அல்ல. யாரையும் அடையாளம் காண முடியாதபடி, ஒரே மாதிரி விழுந்த சிலரிடம் கண்டவற்றைச் சேர்த்து ஒருவராக்கி எழுதியிருக்கிறேன். எண்களும் அப்படிச் சேர்ந்தவையே. ஆனால் பயிற்சியில் நான் செய்த தவறும், அதைத் திருத்திய விதமும் நடந்தது நடந்தபடி இருக்கின்றன.

நோயாளியின் நிலை

வயது 68. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். ஒன்பது ஆண்டுகளாக நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், அதாவது சிஓபிடி. ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் பரிசோதனையில், முதல் நொடியில் ஊதி வெளியேற்றும் காற்றின் அளவு, அவர் வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டியதில் 42 சதவீதம். இது கடுமையான நிலை. முந்தைய ஆண்டில் இரண்டு முறை நோய் முற்றி மருத்துவமனையில் சேர்ந்திருந்தார். இரண்டு முறையும் ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்கப்பட்டது. வீட்டில் ஆக்சிஜன் செறிவூட்டி, நிமிடத்துக்கு 2 லிட்டர். சமதளத்தில் சில நிமிடங்கள் நடந்தாலே நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. எலும்பு அடர்த்திப் பரிசோதனையில் டி மதிப்பு −2.7. எலும்பு மெலிதல் உறுதி. இப்படிப்பட்ட எலும்பு உள்ளவருக்கு அடுத்த வீழ்ச்சி மணிக்கட்டோடு நிற்காமல் இடுப்பு எலும்பில் போய் முடியலாம் என்ற அச்சம் எனக்கு முதல் நாளே இருந்தது.

எங்கே விழுந்தார் என்பது கேட்டவுடன் கிடைத்துவிட்டது: ஒன்று படுக்கையறை, ஒன்று மாடிப்படியின் உச்சி, ஒன்று கூடம். எதனால் விழுந்தார் என்றதற்கு "கால் தடுக்கியது" என்று மூன்றுக்கும் ஒரே பதில். அதைக் கேட்டு நான் நிறுத்தியிருந்தால் கால் தசைக்குப் பயிற்சி எழுதிக் கொடுத்து அனுப்பியிருப்பேன். அன்று கேள்வியைக் கொஞ்சம் மாற்றினேன். "விழுவதற்கு முந்தைய பத்து நொடியை மட்டும் சொல்லுங்கள். அப்போது உங்கள் மூச்சு எப்படி இருந்தது?"

அதன் பிறகுதான் கதை வெளியே வந்தது.

மாடிப்படியில் ஏறி முடித்ததும் மூச்சு முட்டியது. நான்கு எட்டு தள்ளி ஒரு நாற்காலி. அதைப் பிடித்துவிட வேண்டும் என்று விரைந்தார். திரும்பி உட்காரப் போன இடத்தில் உடல் ஒரு பக்கம் சாய்ந்தது. மணிக்கட்டு முறிந்தது அங்கேதான். கூடத்தில் நடந்தது வேறு: மூச்சு இரைத்துக்கொண்டிருந்தபோது கையிலிருந்த இன்ஹேலர் கீழே விழுந்தது. அது இல்லாமல் ஒரு கணமும் முடியாது என்ற பதற்றத்தில் சட்டென்று குனிந்தார், தலைகீழாகப் போனார். படுக்கையறையில், நள்ளிரவில் சிறுநீர் கழிக்க எழுந்து ஆக்சிஜன் குழாயில் கால் சிக்கியது. மூன்றாவதற்கு வேறு காரணங்களும் உண்டு, பிறகு சொல்கிறேன். முதல் இரண்டில் அவர் மூச்சைத் தேடி ஓடித்தான் விழுந்திருக்கிறார்.

மூச்சும் நிலையும் பங்குபோடும் தசை

நுரையீரல் நோயாளிகள் விழுவதற்கு வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் எல்லாமே உண்மை. நடமாட்டம் குறைவதாலும் ஸ்டீராய்டாலும் தொடைத் தசை மெலிகிறது. மருந்துகள் கூடிக்கொண்டே போகின்றன. விழுந்துவிடுவோமோ என்ற பயமே நடமாட்டத்தை இன்னும் குறைக்கிறது. இவை மற்ற முதியவர்களுக்கும் பொருந்தும். சிஓபிடி உள்ளவர்களிடம் கூடுதலாக ஒன்று இருக்கிறது. அது போதிய அளவு பேசப்படுவதில்லை.

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள உதரவிதானம் என்ற தசை, மூச்சை இழுப்பதோடு நிற்பதில்லை. கையைத் தூக்குவதற்குச் சற்று முன்பே அதுவும் வயிற்றின் ஆழ்தசைகளும் இறுகி, உடம்பின் நடுப்பகுதியை நிலைப்படுத்துகின்றன. மூச்சின் தேவை கூடும்போது உதரவிதானம் அந்த இரண்டாவது வேலையைக் கைவிட்டு மூச்சுக்கே போய்விடுகிறது. நலமாக உள்ளவர்களிடமே சோதனையில் இது காணப்பட்டிருக்கிறது. அடைப்பு நோயில் காற்று வெளியேறாமல் தங்கி, நெஞ்சு உப்பி, உதரவிதானம் ஏற்கெனவே தட்டையாகி வலுவிழந்திருக்கும். அப்படியிருக்கும் ஒருவர் மாடி ஏறி மூச்சு முட்டி நிற்கும்போது, அவரை நிமிர்த்திப் பிடிக்க வேண்டிய தசை மூச்சிழுப்பதில் மூழ்கியிருக்கிறது. இந்த நோயாளிகளிடம் பக்கவாட்டுச் சாய்வைத் தாங்கும் திறன் குறிப்பாகக் குறைவதை அளவீடுகள் காட்டியிருக்கின்றன. நாற்காலியில் உட்காரத் திரும்பும் அசைவு அந்தப் பக்கவாட்டுத் திறனைத்தான் கேட்கிறது.

கை விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். சுவரையோ மேசையையோ ஊன்றி முன்னே சாயும்போது தோள்பட்டை நிலைபெறுகிறது. கழுத்து, மார்புத் தசைகள் விலா எலும்பைத் தூக்கி மூச்சுக்கு உதவுகின்றன. ஆகவே, இவர் சுவரைப் பிடித்து நடந்தது விழாமல் இருக்க மட்டுமல்ல, மூச்சுக்காகவும்தான். சுவர் முடியும் இடத்தில் இரண்டு துணையும் ஒரே கணத்தில் கைநழுவுகின்றன.

தொடக்க அளவீடுகள்

பெர்க் சமநிலை அளவுகோலில் 14 செயல்கள், மொத்தம் 56 புள்ளி. இவர் பெற்றது 43. மினி பெஸ்டெஸ்ட் என்ற இன்னொரு சமநிலைச் சோதனையில் 28-க்கு 15. நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்கார 15.8 நொடி. அதையே எண்களைப் பின்னோக்கிச் சொல்லிக்கொண்டே செய்தபோது 21 நொடி. கையை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்கார 19.4 நொடி. ஒற்றைக் காலில் வலது 4 நொடி, இடது 3. ஆறு நிமிட நடையில், ஆக்சிஜனோடு, 268 மீட்டர். அப்போது ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு 88 சதவீதம் வரை இறங்கியது. பத்துக்கு எத்தனை மூச்சிரைப்பு என்று கேட்டதற்கு 6 என்றார். 16 அன்றாடச் செயல்களில் தடுமாறாமல் செய்வோம் என்ற நம்பிக்கையை அளக்கும் வினாப்பட்டியலில் 48 சதவீதம்.

படுத்திருக்கும்போது ரத்த அழுத்தம் 138/82. எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் 114/74. மேல் அளவு 20-க்கு மேல் இறங்கினால் அது கவனிக்க வேண்டிய வீழ்ச்சி. நள்ளிரவில் விழுந்ததன் இன்னொரு பாதி இங்கே இருந்தது. சிறுநீர் பெருக்கும் மாத்திரையை மாலையில் சாப்பிட்டு வந்தார், தூக்க மாத்திரையும் உண்டு. ஒன்று இரவில் எழுப்பியது, மற்றொன்று எழுந்தவரைத் தள்ளாட வைத்தது. இதை அவருடைய மருத்துவரிடம் எழுதித் தெரிவித்தேன். முதல் மாத்திரை காலைக்கு மாற்றப்பட்டது. தூக்க மாத்திரை பல வாரங்களில் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. எலும்புக்கான மருந்தும் தொடங்கியது. பயிற்சியால் ஆகாத வேலை இது. மருந்துப் பட்டியலைப் பார்க்காமல் சமநிலைக்காக நுரைமெத்தை மேல் நிற்க வைப்பதில் பயன் குறைவு.

முதல் நான்கு வாரம்

வழக்கமான நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி நடையையும் தசை வலுவையும் நன்றாகக் கூட்டும். சமநிலையை அது தானாகவே பெரிதாகத் தூக்கிவிடுவதில்லை. 2013-இல் கனடா ஆய்வாளர்கள் 40 நோயாளிகளைக் கொண்டு செய்த ஆய்வில், வழக்கமான பயிற்சியோடு வாரம் மூன்று முறை, ஆறு வாரம் சமநிலைப் பயிற்சியும் பெற்றவர்களின் சமநிலை அளவுகள் மற்றவர்களைவிடத் தெளிவாக உயர்ந்தன. அந்த அடிப்படையில், பத்து வாரத் திட்டத்தில் ஒவ்வொரு நாளும் அரை மணி நேரத்தைச் சமநிலைக்கு ஒதுக்கினேன்.

கால்களை ஒட்டி நிற்பது, ஒன்றன்பின் ஒன்றாக வைத்து நிற்பது, நுரைமெத்தை மேல் நிற்பது, குதிகாலைத் தூக்கி இறக்குவது, பக்கவாட்டில் எட்டு வைப்பது, நாற்காலியிலிருந்து எழுவது. முயற்சியின்போது மூச்சை அடக்காமல், உதட்டைக் குவித்து வெளியே ஊதச் சொன்னேன். இடுப்பில் நான் பிடித்துக்கொள்ள ஒரு வார், விரலில் ஆக்சிமீட்டர். செறிவு 88-க்குக் கீழே போனால் நிறுத்தம். எலும்பு மெலிந்திருந்ததால் முதுகை வளைத்துக் குனியும் அசைவுகள் எதுவும் இல்லை.

நான்காம் வார முடிவில் பெர்க் 47, எழுந்து நடந்து உட்காரும் நேரம் 13.1 நொடி. எனக்கு நிறைவாக இருந்தது. ஐந்தாம் வாரத் தொடக்கத்தில் முகம் வாடி வந்தார். முந்தைய நாள் மாடிப்படியில் மறுபடியும் சாய்ந்திருக்கிறார். கைப்பிடியில் தொங்கியதால் தப்பித்தார்.

"இங்கே நான் நன்றாகத்தான் நிற்கிறேன், அம்மா. வீட்டில் மூச்சு வாங்கும்போது கால் என் பேச்சைக் கேட்பதில்லை."

அன்று இரவு என் குறிப்பேட்டைத் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் ஒரே வரிசை: நடைப் பயிற்சி, பிறகு உட்கார்ந்து ஓய்வு, மூச்சு அடங்கியதும் சமநிலை. அளவீடுகளும் ஓய்வுக்குப் பிறகுதான். பாதுகாப்பு கருதி அப்படி அமைத்திருந்தேன். ஆனால் அவர் விழுவது மூச்சு அடங்கிய நேரத்தில் அல்லவே. முதல் நாளே அவர் வாயால் கேட்டதை என் பயிற்சியில் நான் சேர்க்கவில்லை. இது என் பிழை.

அடுத்த நாள் ஆறு நிமிட நடை முடிந்த கையோடு, உட்கார விடாமல், எழுந்து நடந்து உட்காரும் சோதனையைச் செய்தேன். ஓய்வில் 13.1 நொடியில் முடித்தவருக்கு இப்போது 17.9. அந்த எண்ணைவிட முக்கியமானது கண்ணில் பட்டது. திரும்பும் இடத்தில் தலை, தோள், இடுப்பு எல்லாம் ஒரே கட்டையாகத் திரும்பின. திரும்பி முடிக்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். கண் நாற்காலியை விட்டு அகலவில்லை. கால் எங்கே இருக்கிறது என்ற நினைவே அவருக்கு இல்லை. மூச்சிரைக்கும்போது செய்யும் இந்தச் சோதனைக்கு ஒப்பிட வரம்பு எண் கிடையாது. ஒருவரை அவரோடு மட்டுமே ஒப்பிடலாம். எனக்கு அது போதும்.

மூச்சிரைப்போடு பயிற்சி

வரிசையை மாற்றினேன். மூச்சிரைப்பு பத்துக்கு 4 அல்லது 5 ஆகும்வரை நடை, உடனே சமநிலை. இணைகம்பிகளுக்கு நடுவே, இடுப்புவாரைப் பிடித்தபடி நான் ஒரு கை தூரத்தில்.

முதலில் கற்க வேண்டியிருந்தது நிற்பதை. மூச்சு முட்டும்போது ஒருவரின் உடம்பு முழுவதும் "உட்கார்" என்று கத்துகிறது. அந்த நேரத்தில் நான்கு எட்டு தூரத்து நாற்காலியை நோக்கிப் போகாமல், இருக்கும் இடத்திலேயே நிற்பது எளிதல்ல. "நில், பிடி, ஊது" என்று மூன்று சொற்களை வைத்துக்கொண்டோம். கால்களைச் சற்று அகட்டி நிற்க வேண்டும். அருகில் உள்ளதைப் பிடிக்க வேண்டும். எதுவும் இல்லாவிட்டால் இரு கைகளையும் தன் தொடைமேல் ஊன்றி, முதுகை நேராக வைத்துச் சற்று முன்னே சாய வேண்டும். நான்கு முறை உதட்டைக் குவித்து ஊத வேண்டும். அதன் பிறகே அடுத்த எட்டு. முதல் மூன்று நாளும் நான் "நில்" என்று சொன்ன பிறகும் அவர் நாற்காலியை நோக்கிப் பாய்ந்தார். நான்காம் நாள் நின்றார். கண்ணில் பயம் தெரிந்தது, ஆனாலும் நின்றார். அந்த நான்கு மூச்சில் ஒன்றும் ஆகிவிடவில்லை என்பதை அவர் உடம்பு அன்றுதான் நம்பத் தொடங்கியது என்று நினைக்கிறேன்.

பிறகு திரும்புதல். ஒரே சுழற்சியாக இல்லாமல் சிறு சிறு எட்டாக. முதலில் கண், பிறகு தலை, பிறகு கால். ஒவ்வோர் எட்டுக்கும் ஒரு ஊதல். நாற்காலியின் விளிம்பு இரண்டு கால்களின் பின்பக்கத்திலும் படும்வரை உட்காரக் கூடாது. இதை மட்டும் ஒரு நாளைக்கு இருபது முறைக்கு மேல் செய்தோம்.

இன்ஹேலர் விழுவதையும் அப்படியே நடித்தோம். காலியான ஒன்றை அவர் கையில் கொடுத்து, நடந்து இரைக்கும்போது கீழே போடச் சொல்வேன். விழுந்ததை அப்படியே விட வேண்டும். முதலில் நிற்க வேண்டும், ஊத வேண்டும், நாற்காலிக்குப் போய் உட்கார வேண்டும். எடுப்பது கடைசி. வெறுமனே கேட்டால் எளிய பாடம்தான். மூச்சு முட்டும் மனிதருக்கு எதிரே அவருடைய மருந்து கிடக்கும்போது அதைத் தொடாமல் இருக்கப் பழகுவது எவ்வளவு கடினம் என்பதை அவர் விரல்கள் துடித்ததில் கண்டேன். பாக்கெட்டில் எப்போதும் இரண்டாவது இன்ஹேலர் ஒன்று இருக்கட்டும் என்ற யோசனையும் அப்போது பிறந்தது. மனைவி சொன்னது அது.

கணக்கு ஆசிரியராக இருந்தவர் என்பதால், நடந்துகொண்டே 17-ஆம் வாய்ப்பாட்டைப் பின்னிருந்து சொல்லச் சொன்னேன். பேச்சும் மூச்சைத்தான் செலவழிக்கிறது. யாராவது கேள்வி கேட்டால் நடந்துகொண்டே பதில் சொல்லாமல் நின்று பதில் சொல்லும் பழக்கம் இதிலிருந்து வந்தது.

ஏழாம் வாரம் தரையிலிருந்து எழும் பயிற்சி. பலர் இதைத் தொடுவதில்லை. விழுந்தால் எழ முடியாது என்ற எண்ணமே பாதிப் பயம். நீண்ட நேரம் தரையில் கிடப்பதால் வரும் கேடுகளும் சிறியவை அல்ல. பாயில் படுத்து, ஒருக்களித்து, ஓய்வு. கையும் முழங்காலும் ஊன்றி, ஓய்வு. நாற்காலியைப் பிடித்து ஒரு பாதத்தை ஊன்றி, ஊதிக்கொண்டே எழுதல். முதல் முறை ஆறு நிமிடம் ஆனது. எழுந்து நின்றதும் மனைவியின் கண் கலங்கிவிட்டது.

வீட்டில்

ஆக்சிஜன் குழாய் 15 மீட்டர் நீளம், தரையெங்கும் சுருண்டு கிடந்தது. அதைச் சுவரோரமாக ஒரே வழியில் ஓடவிட்டு, ஒளிரும் நாடாவைச் சுற்றினோம். நடக்கும்போது உபரி நீளத்தை ஒரு கையில் சேர்த்துப் பிடிக்கப் பழகினார். மாடிப்படியின் உச்சியை ஒட்டி, கை எட்டும் தூரத்தில் நாற்காலி வந்தது. இரவில் கட்டில் விளிம்பில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து பாதங்களை ஆட்டிய பிறகே எழுவது என்று முடிவானது. கட்டிலருகே சிறுநீர்க் குடுவை வைப்பதை மட்டும் கடைசிவரை மறுத்துவிட்டார். நான் வற்புறுத்தவில்லை.

வாக்கரையும் முதலில் மறுத்தார். "அதைப் பிடித்தால் எல்லாம் முடிந்தது என்று ஆகிவிடும்" என்றார். சக்கரமும் இருக்கையும் உள்ள ஒன்றைக் காட்டி, "இது ஊன்றுகோல் அல்ல, ஐயா. உங்கள் கூடவே வரும் நாற்காலி. இனி நாற்காலியைத் தேடி ஓட வேண்டாம்" என்றேன். கையை ஊன்றிச் சாய்ந்தால் மூச்சும் எளிதாகிறது என்பதை அவரே நடந்து உணர்ந்தார். மறுநாள் அதோடுதான் வந்தார். பிரேக் போட்ட பிறகே உட்கார வேண்டும் என்பதை மட்டும் நூறு முறை சொல்ல வேண்டியிருந்தது.

பத்தாம் வாரமும் பிறகும்

பெர்க் 50. மினி பெஸ்டெஸ்ட் 20. எழுந்து நடந்து உட்கார ஓய்வில் 11.9 நொடி, மூச்சிரைக்கும்போது 13.2. ஐந்து முறை எழ 14.1 நொடி. ஆறு நிமிட நடை 309 மீட்டர். நம்பிக்கை அளவு 67 சதவீதம். ஓய்வுக்கும் இரைப்புக்கும் இடையிலான வித்தியாசம் கிட்டத்தட்ட ஐந்து நொடியிலிருந்து 1.3 நொடியாகக் குறைந்தது. இந்தப் பட்டியலில் நான் மதிக்கும் எண் அதுதான்.

இதை வைத்துப் பெரிய முடிவு எதற்கும் போக முடியாது. மருந்து மாறியது, குழாய் இடம் மாறியது, நாற்காலி வந்தது, தசை வலுத்தது. எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்ததாலும் நேரம் கொஞ்சம் குறைந்திருக்கும். சமநிலைப் புள்ளி உயர்வதும் வீழ்ச்சி குறைவதும் ஒன்றல்ல. சில மாதம் விழாமல் இருப்பது தற்செயலாகவும் இருக்கலாம்.

நான்காம் மாதத்தில் நோய் மறுபடியும் முற்றியது. ஒன்பது நாள் படுக்கை, ஸ்டீராய்டு. அந்த நாட்களில் ஒரு முறை குளியலறை வாசலில் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். அடிபடவில்லை. பழகியபடி, கட்டம் கட்டமாகத் தானே எழுந்தார். வீடு திரும்பியபின் அளந்தபோது பெர்க் 46. பத்து வாரத்தில் சேர்த்ததில் பாதிக்கு மேல் ஒன்பது நாளில் போயிருந்தது. மூன்று வாரம் மீண்டும் வந்து பயின்ற பிறகு 49 ஆனது. அதிலிருந்து, நோய் முற்றி மீண்ட ஒவ்வொருவரையும் இரண்டு வாரத்துக்குள் சமநிலைக்கு மறுபடி சோதிப்பதை எங்கள் பிரிவில் வழக்கமாக்கிவிட்டோம். வரும் எல்லோரிடமும் கேட்கும் முதல் கேள்விகளில் வீழ்ச்சியும் சேர்ந்திருக்கிறது.

தடுமாறும் ஒவ்வொரு முறையும் நாள், இடம், அப்போதைய மூச்சு என்று குறித்துவைக்க அவருக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்திருந்தேன். ஆறாம் மாதம் அதைக் கொண்டுவந்தார். சீரான ஆசிரியர் கையெழுத்து. கடைசிப் பதிவு இது: "கூடம். மூச்சு 6. இன்ஹேலர் கீழே விழுந்தது. உட்கார்ந்தேன். பாக்கெட்டில் இருந்ததை எடுத்தேன். விழுந்தது மாலைவரை அங்கேயே கிடந்தது."